ஒன்றரை வருடமாகச் சட்டைப் பையில் இருக்கும் பூதக்கண்ணாடி

வாங்கிய அன்றே எழுதியிருந்தால் இந்த விமர்சனம் நாலு வரியில் முடிந்திருக்கும். கண்ணாடி தெளிவாக இருக்கிறது, உறை நன்றாக இருக்கிறது, சொன்ன தேதியில் வந்தது, அவ்வளவுதான். ஒன்றரை வருடம் கூடவே வைத்துச் சுற்றிய பிறகு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

பொருள் இதுதான். நகை மதிப்பிடுகிறவர்கள் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி மடக்கு லென்ஸ். லூப் என்று போட்டு விற்கிறார்கள், நான் வீட்டில் பூதக்கண்ணாடி என்றே சொல்கிறேன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். உலோக மூடி, அதிலிருந்து பக்கவாட்டில் சுழன்று வெளியே வருகிற 18 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உள்ளே ஒரே கண்ணாடி இல்லை, மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. டிரிப்லெட் என்பார்கள். விளக்கு கிடையாது, பேட்டரி கிடையாது.

இதற்கு முன்னால் ஒன்று வாங்கி ஏமாந்தேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் போய் விழுகிறார்கள். 30 மடங்கு, 21 மில்லிமீட்டர் என்று மேலேயே பொறித்திருந்தது. பத்தைவிட முப்பது பெரிதுதானே என்று வாங்கினேன். வந்ததும் பார்த்தால் நடுவில் மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் வளைந்து ஊதாவும் மஞ்சளுமாகக் கரை கட்டி நின்றது, அதோடு அது முப்பது மடங்கு காட்டுகிற மாதிரியே தெரியவில்லை. அளந்து பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அறையின் ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தாள். தாளுக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு இடத்தில் ஜன்னல் தலைகீழாக, குட்டியாக, கூர்மையாகத் தாளில் விழும். அப்போது லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து 25-ஐ அதனால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். என் முப்பது மடங்கு லென்ஸ் 4 சென்டிமீட்டர் காட்டியது. அதாவது ஆறு மடங்கு சொச்சம்.

அப்புறம் யோசித்தால், அந்த அகலத்தில் முப்பது மடங்கு வரவே வராது. 21 மில்லிமீட்டர் அகலத்தில் சாதாரணக் கண்ணாடியை முழு உருண்டையாகவே செய்தாலும் 16 மடங்குதான் கிடைக்கும். மடங்கு ஏற ஏற லென்ஸ் சின்னதாகித்தான் ஆக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை முதன்முதலாகப் பார்த்தது ஒற்றை லென்ஸில்தான், ஆனால் அது மணி மாதிரி துளியூண்டு லென்ஸ். அவர் செய்ததில் மிஞ்சியிருக்கும் ஒன்று ஏறக்குறைய 266 மடங்கு காட்டும், நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, அகலமும் பெரிது மடங்கும் பெரிது என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

பத்து மடங்கு ஏன் சரி என்றால், லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். வெளிச்சம் உள்ளே வர அது போதும், பூச்சி பயப்படாமல் இருக்கவும் ஓரளவு போதும். இருபது மடங்கு லென்ஸையும் ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். பாதி தூரம்தான் கிடைக்கிறது, மூக்கு இலையில் இடிக்கிறது, நம் தலை நிழலே பொருள்மேல் விழுகிறது, கை துளி அசைந்தாலும் எல்லாம் மங்கிவிடுகிறது. வைரத்தின் தெளிவைத் தரம் பிரிக்கிறவர்களும் 10 மடங்கைத்தான் அளவாக வைத்திருக்கிறார்கள். 10 மடங்கில் கண்ணுக்கு அகப்படாத குறையை அவர்கள் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பிடிக்கும் விதம் தெரியாமல் பலர் வாங்கிய வேகத்தில் மேசை அறைக்குள் போட்டுவிடுகிறார்கள். எனக்கும் முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. செய்தித்தாள் மேல் பிடித்துக் குனிந்து பார்க்கிற பெரிய பூதக்கண்ணாடி மாதிரி இதைப் பிடிக்கக் கூடாது. லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டு போக வேண்டும், இமை முடி உரசுகிற அளவுக்கு. அப்புறம் பார்க்க வேண்டிய பொருளை எடுத்து லென்ஸை நோக்கிக் கொண்டு வர வேண்டும். எடுக்க முடியாத பொருள் என்றால் நாம்தான் தலையோடு சேர்த்து முன்னால் போக வேண்டும். லென்ஸ் பிடித்த கையின் ஒரு விரல் கன்னத்தில் ஊன்றியிருக்கட்டும், இன்னொரு கை இந்தக் கையில் ஊன்றியிருக்கட்டும், இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்ற வேண்டியதில்லை, அதன்மேலேயே ஒட்டி வைத்தால் போதும். முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்க வேண்டும், ஆனால் சூரியனை மட்டும் இதன் வழியாக ஒருபோதும் பார்க்கக் கூடாது. வெயில் விழுகிற ஜன்னலில் திறந்து வைத்துவிட்டுப் போகவும் கூடாது, தீப்பிடிக்கும்.

சரி, என்ன பார்த்தேன் என்பதற்கு வருகிறேன். விமர்சனத்தில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

மழைக்கு மறுநாள் மொட்டை மாடி கைப்பிடிச் சுவரில் பச்சை வெல்வெட் மாதிரிப் பாசி பிடித்திருந்தது. வழுக்கும், சுரண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அதைப் பற்றி அதுவரை எதுவும் நினைத்ததில்லை. கன்னத்தைச் சுவரில் வைத்து லென்ஸைக் கொண்டுபோனால் அது ஒரு காடு. ஒவ்வொரு செடியும் தனித்தனியாக நிற்கிறது, தண்டைச் சுற்றி இலை, அந்த இலை அநேகமாக ஒரே ஒரு செல் கனம்தான் என்பதால் வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் பச்சைக் கண்ணாடி மாதிரி ஒளிர்கிறது. இலை நடுவில் ஒரு நரம்பு. இலைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் நீர்த்துளி ஒவ்வொன்றும் தானே ஒரு லென்ஸாகி, அதற்குள் வானம் தலைகீழாக. மேலே செம்பு நிறத்தில் முடி மாதிரிக் காம்புகள், காம்பு நுனியில் குட்டிக் குடுவை. முற்றிய குடுவையின் மூடி விழுந்திருந்தால் வாயைச் சுற்றிப் பல் வரிசை தெரியும். பெரும்பாலான பாசிகளில் அந்தப் பற்கள் ஈரம் பட்டால் உள்நோக்கி மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரிந்து உள்ளே இருக்கும் வித்துத் தூளைக் காற்றில் விடும். காய்ந்த குடுவை ஒன்றைக் கிள்ளி எடுத்து, லென்ஸில் பார்த்துக்கொண்டே மெல்ல வாயால் ஒரு ஆவி விட்டேன். என் மூச்சின் ஈரத்துக்குப் பற்கள் அசைந்தன. உயிருள்ள ஒன்று என் மூச்சைக் கேட்டுத் திரும்பிய மாதிரி இருந்தது. அரை மணி நேரம் அதே இடத்தில் நின்று திரும்பத் திரும்ப ஊதினேன், கழுத்து வலித்த பிறகுதான் இறங்கினேன். அந்தச் சுவரை அதற்கப்புறம் யாரும் சுரண்ட நான் விட்டதில்லை.

வெட்டுக்காயப் பூண்டு எல்லோருக்கும் தெரியும். வெப்ப நாடுகளில் பாதையோரமெல்லாம் முளைக்கிற செடி, நீளக் காம்பில் தனியாக ஒரு பூ, நடுவில் மஞ்சள், சுற்றி வெளிறிய அஞ்சாறு இதழ். லென்ஸில் பார்த்தால் அது ஒரு பூவே இல்லை. நடுவில் மஞ்சளாகத் தெரிவது முழுக்கத் தனித்தனிப் பூக்கள். ஒவ்வொன்றும் குழல் மாதிரி, வாயில் ஐந்து சின்ன மடல்கள் நட்சத்திரமாக விரிந்து, உள்ளேயிருந்து சூல்முடி இரண்டாகப் பிரிந்து ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்டு, அதில் மகரந்தம் மஞ்சள் பொடியாக ஒட்டியிருக்கிறது. வெளியே இதழ் என்று நினைத்தது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. சூரியகாந்தி குடும்பம் முழுக்க இப்படித்தான், ஒரு பெரிய சூரியகாந்தித் தலையில் ஆயிரத்துக்கும் மேலே இருக்கும். ஒரு பூவில் எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் குழம்பி விட்டுவிட்டேன். அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது, பிடிபட்டதும் பேச்சையே காணோம். லென்ஸை எடுக்காமலேயே, "இத்தனை வருஷமா இதை மிதிச்சுட்டுத்தானேடா போயிட்டு இருக்கோம்" என்றார். அதற்கப்புறம் காலை நடைக்குப் போனால் எதையாவது கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருகிறார், வந்ததும் முதல் கேள்வி "உன் கண்ணாடி எங்கே?"

பயணத்துக்கு இதைவிட நல்ல பொருளை நான் எடுத்துப் போனதில்லை, முக்கியமாகக் காத்திருக்கும் நேரத்துக்கு. ஒரு தடவை ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து என் ஆள்காட்டி விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேகைகள் உழுத வயல் வரப்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடுகின்றன, வரப்பின் முதுகில் வரிசையாகத் துளைகள், வியர்வைத் துளைகள். புழுக்கமான நாள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மணி நீர் மெதுவாக ஊறி மேலே வந்து பளபளவென்று நின்றது. துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி ஒவ்வொன்றாக வருகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை, இங்கொன்று அங்கொன்று, மழைக்கு முன்னால் தெருவில் துளி விழுகிற மாதிரி. பக்கத்தில் பாட்டியோடு இருந்த ஒரு சிறுமி, "அங்கிள், அதுல என்ன தெரியுது?" என்று கேட்டாள். கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து "பாட்டி, என் விரல்ல ஊத்து இருக்கு பாரு" என்று கத்தினாள். பிறகு பாட்டி பார்த்தார், எதிரே இருந்தவர் பார்த்தார், ரயில் வந்ததை நாங்கள் யாரும் முதலில் கவனிக்கவில்லை.

மணலும் அப்படித்தான். ஊர் ஊருக்குக் கடற்கரை ஒரே மாதிரி என்று நினைத்திருந்தேன். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி தெளிவானவை குவார்ட்ஸ், நடுவே சிவப்பாக மினுங்கினால் கார்னெட்டாக இருக்கலாம், கறுப்பு மணிகளில் சில காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சங்கு சிப்பி உடைசல்கள், கடல் முள்ளெலியின் முள் துண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் கடுகைவிடச் சின்ன ஒரு முழுச் சங்கு, சுருள் குலையாமல். ஆற்று மணல் முனை முனையாக இருக்கும், பாலைவனத்தில் காற்று உருட்டிய மணல் மழுங்கி உருண்டிருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிடுவது என் வழக்கம். இத்தாலியின் சார்டினியா தீவில் கடற்கரை மணலை எடுத்துப் போனால் அபராதமே போடுகிறார்கள், நியாயம்தான்.

கல்லையும் விடாதீர்கள். விமான நிலையத்திலும் பெரிய கட்டடங்களிலும் தரைக்குப் போடும் சுண்ணாம்புக் கல்லில் பழைய கடலின் சிப்பிகள் அப்படியே வெட்டுமுகமாகத் தெரிகிற இடங்கள் உண்டு, மேலே நடந்து போய்க்கொண்டிருப்போம். கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக் கல்லில் காசு மாதிரி வட்டமாக இருப்பவை நம்முலைட் என்னும் ஒரு செல் உயிர்களின் கூடுகள். 2000 வருடங்களுக்கு முன்னால் அங்கே போன கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, கட்டியவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த பருப்புதான் கல்லாகிவிட்டது என்று அங்கே சொல்லிக்கொள்வதாக எழுதி வைத்திருக்கிறார். ஒரு செல் உயிர் காசு அளவுக்கு வளர்ந்தது என்பது எனக்கு அந்தப் பருப்புக் கதையைவிடப் பெரிய ஆச்சரியம்.

வீட்டுக்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன். உப்பு சின்னச் சின்னக் கனசதுரம், சர்க்கரை சாய்ந்த கட்டை. அச்சடித்த வண்ணப் படம் பெரும்பாலும் நாலு நிறப் புள்ளிகள், பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கும். கணினித் திரையில் வெள்ளை இடத்தைப் பாருங்கள், அங்கே வெள்ளையே கிடையாது, சிவப்பு பச்சை நீலம் மட்டும்தான். செத்துக் கிடக்கும் வண்ணத்துப்பூச்சியின் இறகில் ஓடு வேய்ந்த மாதிரிச் செதில் அடுக்கு, விரலில் ஒட்டுகிற வண்ணப் பொடி அதுதான்.

உயிரோடு இருப்பவற்றில் எனக்குப் பிடித்தது தாவும் சிலந்தி. வலை கட்டி உட்காராது, சுவரிலும் ஜன்னலிலும் குதித்துக் குதித்துத் திரியும், அரிசி அளவுதான். ஒரு நாள் மேசை விளிம்பில் ஒன்று நின்றது. மெதுவாக, மிக மெதுவாக லென்ஸோடு போனேன். எட்டுக் கண்ணில் நாலு முகத்திலேயே இருக்கிறது, நடுவில் இரண்டு மட்டும் பெரிதாக, கறுப்பாக, ஈரமாக. நான் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவும் உடம்பைத் திருப்பி நேருக்கு நேர் பார்க்கிறது. மறுபக்கம் போனேன், மறுபக்கம் திரும்பியது. வாய்க்கு முன்னால் இருக்கும் இரண்டு குட்டைக் கைகளையும் மாறி மாறி ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்கப் போனேன், பார்க்கப்பட்டது நான். இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் இன்னொரு உயிரோடு அப்படிக் கண்ணுக்குக் கண் பார்த்ததை நான் மறக்கவே மாட்டேன்.

குறைகள். ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே கூர்மையாகத் தெரியும், முன்னும் பின்னும் மங்கல், அதனால் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் பேருந்தில் பார்த்தால் தலை சுற்றும். எறும்பு மாதிரி ஓடுகிறவற்றைப் பிடிப்பது கஷ்டம், அவை இலையின் அடியில் செடிப்பேன் கூட்டத்தைத் தடவித் தேன்நீர் குடிக்க நிற்கும்போது மட்டும் நிம்மதியாகப் பார்க்கலாம். என் லென்ஸில் சுழலும் இடத்துத் திருகு ஆறு மாதத்தில் தளர்ந்தது, சின்னத் திருப்புளியால் கால் சுற்று முடுக்கினேன், அப்புறம் தொல்லையில்லை. விளக்கு வைத்த லென்ஸ்கள் வேண்டாம் என்பது என் கருத்து, நேரே விழும் வெளிச்சத்தில் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது.

துடைக்கும்போது சட்டை நுனியால் துடைக்காதீர்கள். துணியில் இருக்கும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கும், அது கண்ணாடியைவிடக் கடினம், கீறிவிடும். முதலில் ஊதித் தூசியைப் போக்கி, பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். படம் எடுக்க வேண்டுமானால் கைபேசி கேமராவோடு லென்ஸை ஒட்டிப் பிடியுங்கள், ஆச்சரியப்படும்படி வரும். வாங்கும் முன் சுவை பார்க்க நினைப்பவர்கள் வீட்டில் பைனாகுலர் இருந்தால் அதைத் திருப்பிப் பிடித்து, நாம் கண் வைக்கும் பக்கத்தைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், அதுவே ஒரு பூதக்கண்ணாடி.

வாங்குவதென்றால் 10 மடங்கு, டிரிப்லெட், கண்ணாடி அகலம் 18-க்குப் பக்கத்தில், உலோக மூடி. வந்த அன்றே ஜன்னல் படத்தைத் தாளில் விழ வைத்து அளந்துவிடுங்கள், இரண்டரை சென்டிமீட்டர் பக்கத்தில் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டாக வாங்குங்கள், ஒன்று உங்களுக்குத் திரும்பிவராது.

இன்னொன்று, கூடவே வரும் கறுப்புக் கயிற்றை மாற்றிவிடுங்கள். என்னுடையது ஒரு நாள் புல்லில் விழுந்து, முட்டி போட்டுத் தடவித் தடவி ஒரு மணி நேரம் தேடினேன். இப்போது நல்ல சிவப்பில் கட்டியிருக்கிறேன்.